தோட்டத்துச் சாளையில் அரையாண்டு நிற்கப்போகும் கார்: எலிக்கும் பேட்டரி உப்புக்கும் என்ன வழி?

உடுமலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் புரட்டாசிக் கடைசியில் வெளிநாடு செல்கிறோம்; சித்திரை பிறந்த பிறகுதான் திரும்புவோம். அதுவரை எங்கள் பெட்ரோல் கார் வீட்டை ஒட்டிய தகரச் சாளையில் (கொட்டகையில்) நிற்கும். சாளையின் ஒரு பாதி காருக்கு. மறுபாதியில் தவிட்டு மூட்டைகளும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அடுக்கியிருக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் காடு.

சென்ற ஆண்டு சில வாரங்கள் வெளியூர் போய் வந்தபோது வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. பானட்டைத் திறந்து பார்த்தால், பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் நீலப்பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெத்தை போன்ற விரிப்பைக் கிழித்து, தென்னை நாரோடு சேர்த்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. ஒயர்கள் சில கடிபட்டிருந்ததால் பணிமனையில் வண்டி பல நாள் நின்றது. இந்த முறை போகும் காலம் அதைவிட நீண்டது என்பதால் கவலையாக இருக்கிறது.

பேட்டரியைக் கழற்றி வைப்பதா, அப்படியே விடுவதா? கொழுந்தனாரின் மகன் வாரம் ஒரு முறை வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதாகச் சொல்கிறான், அது போதுமா? காருக்கு உறை போடுவது எலிக்குத் தடையாக இருக்குமா, அல்லது அதற்கே மறைவிடம் ஆகிவிடுமா? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெருந்துறை ஆட்டோ எலக்ட்ரீஷியன் எழுதியது:

வணக்கம் அக்கா. எலியைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் பேட்டரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி கெடுவதற்கும், முனையில் உப்பு பூப்பதற்கும் காரணங்கள் வேறு வேறு. இரண்டும் ஒன்றாகத் தெரிவதால், உப்பைத் துடைத்துவிட்டால் பேட்டரி சரியாகிவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் கெடுவதைச் சொல்கிறேன். சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் இன்றைய கார்கள் முழுதாக உறங்குவதில்லை. கடிகாரம், ரிமோட்டுக்குக் காத்திருக்கும் கருவி, திருட்டு எச்சரிக்கை, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பழுதில்லாத காரில் இது பெரும்பாலும் 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தை இந்த அலகில்தான் சொல்வார்கள்), ஒரு மாதத்தில் ஏறத்தாழ 21 ஆம்பியர் மணி போய்விடும். சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி பேட்டரி; ஆகவே ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் காலியாகிவிடுகிறது. வண்டியில் தனியாக ஜிபிஎஸ் கருவியோ கேமராவோ பொருத்தியிருந்தால் இன்னும் விரைவாகக் காலியாகும்.

காலியானதைத் திரும்பச் சார்ஜ் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். ஈய அமில பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க, தகடுகளின் மீது ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் படிவம் பெரிய படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி இனி வேலை செய்யாது என்று அர்த்தம். நம் ஊர் வெயிலும் இதற்குத் துணை நிற்கிறது: எதிலும் இணைக்காமல் சும்மா இருக்கும் பேட்டரியும் தானாகவே சார்ஜை இழக்கும்; வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பங்குனியில் தகரக் கூரையின் கீழ் என்ன வெப்பம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே உங்கள் காலத்துக்கு என் பரிந்துரை இதுதான்: பேட்டரியைக் கழற்றி, வீட்டுக்குள் குழந்தைகள் கை படாத, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். பழைய காலத்து ரப்பர், மரப் பெட்டிகளுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தியிருக்கலாம், இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்தப் பயம் தேவையில்லை. கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், கையிலுள்ள ஸ்பேனர் காரின் உடலில் பட்ட நொடியில் நெருப்புப் பறக்கும். வேறொன்றையும் மறக்காதீர்கள். பேட்டரி இல்லாத காரில் ரிமோட் வேலை செய்யாது. சாவியைத் துளையில் போட்டுத் திருப்பிப் பூட்டவும் திறக்கவும் முடிகிறதா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பானட்டைத் திறக்கும் கைப்பிடி காருக்குள்ளேதான் இருக்கிறது.

வைப்பதற்கு முன் முழுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜரைக் கழற்றி ஓர் இரவு விட்டுவிட்டு, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.4க்கு இறங்கினால் முக்கால் பங்குதான் இருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. உங்கள் கொழுந்தனார் மகனிடம் மீட்டரைக் கொடுத்து மாதம் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள், 12.4 காட்டிய அன்றே சார்ஜ் போடச் சொல்லுங்கள். அவன் செய்யும் உதவிகளில் இதுவே பெரிய உதவியாக இருக்கும்.

வாரம் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். வண்டி சும்மா நிற்கும் ஒரு வாரத்தில் நான் மேலே சொன்ன கணக்குப்படி 5 ஆம்பியர் மணி போகிறது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் என்ஜின் பேட்டரிக்கு 10 ஆம்பியர் கொடுத்தால்கூடப் பத்து நிமிடத்தில் திரும்புவது 2 ஆம்பியர் மணிக்கும் குறைவு. வாராவாரம் கடன் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அதோடு, பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத புகைக்குழாய்க்குள் தண்ணீராகத் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். ஓட்டத் தெரிந்த, உரிமம் உள்ள ஒருவர் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பொள்ளாச்சி வரையோ பழனி வரையோ ஓட்டி வருவார் என்றால் அது நல்ல ஏற்பாடு. அப்போது பேட்டரியைக் கழற்றவே வேண்டாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் நிற்கும் பத்து நிமிட ஏற்பாடு இரண்டின் பலனையும் தராது.

இனி உப்பு. பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. அதோடு அமிலத்தின் நுண்துளிகளும் மூடியின் துளை வழியாகவும், ஈயமுனை பெட்டியைத் துளைத்து வெளியே வரும் இடத்திலுள்ள மெல்லிய இடைவெளி வழியாகவும் கசிகின்றன. அவை ஈயத்தின் மீது படும்போது வெள்ளை நிற ஈய சல்பேட்டும், செம்புக் கம்பியின் மீது படும்போது நீலப்பச்சை நிறக் காப்பர் சல்பேட்டும் உண்டாகின்றன. நீங்கள் பார்த்த இரண்டு நிறங்களும் இவைதான். கைகளால் தொடாதீர்கள், அமிலமும் ஈயமும் கலந்த பொடி அது.

சுத்தம் செய்யக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பச் சோடாவைக் கலந்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அந்தச் சோடாத் தண்ணீர் மூடி வழியாக பேட்டரிக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது, இறங்கினால் உள்ளே இருக்கும் அமிலத்தின் வலிமையைக் குலைத்துவிடும். பிறகு நல்ல தண்ணீர் தெளித்துத் துடைத்து, முழுக்க உலரவிட்டு, முனைகளில் மெல்லிய பூச்சாக வாசலின் தடவுங்கள். காரிலுள்ள கேபிள் முனைகளுக்கும் இதையே செய்து, பழைய துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். பேட்டரி இல்லாத காலத்திலும் அவை காற்றின் ஈரத்தில் கெடாமல் இருக்கும்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியாக இருந்தால், கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். நம் பகுதியின் போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும். வீட்டில் வடிகட்டிய குடிநீரும் அதற்கு ஈடாகாது. தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும் மூழ்கும் அளவு முதலில் ஊற்றிச் சார்ஜ் போட்டு, மேல்கோடு வரை நிரப்புவதைச் சார்ஜ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து, துடைத்த இடத்திலேயே மறுபடியும் உப்பு பூக்கும். சார்ஜ் போடும் அறையில் சன்னல் திறந்திருக்கட்டும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும் நிலை வந்துவிடும். பூசையறை விளக்கோ அடுப்போ உள்ள இடத்தில் சார்ஜ் போடவே கூடாது.

கோபி வயல்காரர் எழுதியது:

வணக்கம் சகோதரி. பேட்டரியைப் பற்றி அண்ணன் எழுதியதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நெல்லும் மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கும் எனக்கு எலியோடுதான் வாழ்நாள் முழுக்கப் பழக்கம். வேளாண்மை படித்தவன் என்பதால் அதன் இயல்பையும் ஓரளவு அறிவேன்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒயர் கடிபட்டது அல்ல. காருக்குப் பக்கத்தில் தவிடும் பருத்திக்கொட்டையும் இருக்கின்றன என்பதுதான். எலி காரைத் தேடி வருவதில்லை. தீவனத்தைத் தேடி வருகிறது. தின்ற பிறகு இருட்டும் அமைதியும் மேலே மூடிய கூரையும் உள்ள இடத்தைத் தேடுகிறது. அசையாமல் நிற்கும் காரின் என்ஜின் பகுதியில் அந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆகவே காருக்குள் எதைத் தெளிப்பது, எதைக் கட்டித் தொங்கவிடுவது என்பதெல்லாம் பிறகு. நீங்கள் புறப்படுவதற்கு முன் தீவன மூட்டைகள் அந்தச் சாளையை விட்டு வெளியேறியாக வேண்டும். அல்லது கார் வெளியேற வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்வரை மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அரைப் பலன்தான் தரும்.

காலத்தையும் பாருங்கள். உங்கள் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் தை, மாசியில் அறுவடைக்கு வரும். கதிர் நிற்கும்வரை வயல் எலிகள் அங்கேயே வளை தோண்டிக் கதிரை இழுத்துச் சேமித்துக்கொண்டிருக்கும். சோளத்தட்டு அறுத்து, காடு வெறிச்சோடியதும் அவையும், ஏற்கெனவே வீட்டைச் சுற்றித் திரியும் கூரை எலிகளும் மூடிய இடங்களுக்கு நகரும். ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் இறங்கும்போதும் இதே நிலைதான். நீங்கள் இல்லாத காலத்தில் இந்த இரண்டு பருவங்களும் அடுத்தடுத்து வருகின்றன. கொழுந்தனார் மகன் வாரம் ஒரு முறை வருவதாக இருந்தால், காரை ஸ்டார்ட் செய்வதைவிடப் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதற்காக வரட்டும். தை முடிந்த பிறகு வாரம் இருமுறை வந்தாலும் தகும்.

எலிக்கு வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாத அளவுக்கு நீண்டுவிடும். ஆகவே பசி இல்லாவிட்டாலும் அது ஒயரைக் கடிக்கும். சோயா எண்ணெய் கலந்த புதுவகை ஒயர் உறைகள்தான் எலியை இழுக்கின்றன என்றொரு பேச்சு உண்டு. அமெரிக்காவில் அதற்காக வழக்குகளும் நடந்தன. ஆனால் சோயா வருவதற்கு முன்பிருந்த பழைய கார்களின் ஒயர்களையும், மோட்டார் பம்புசெட் கேபிளையும் எலி கடித்துக்கொண்டுதான் இருந்தது. அதிகம் அஞ்ச வேண்டியது பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாயைக் கடிப்பதற்கு. அதில் கசிவு இருந்து, உறை போன ஒயரும் உரசினால் வண்டியே தீப்பிடிக்கும்.

வழியை அடைப்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே நுழைந்துவிடும். பெரிய எலிக்குக் கட்டைவிரல் நுழையும் துளை போதும். ஆகவே நீங்கள் வாங்கும் கம்பி வலையின் கண் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அது துத்தநாகம் பூசிய இரும்பு வலையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கொசுவலையை எலி ஒரே இரவில் கிழித்துவிடும். என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயிலும், முன்கண்ணாடிக்குக் கீழே ஏசிக்குக் காற்று இழுக்கும் சல்லடையின் மேலும் இந்த வலையை வெட்டிப் பொருத்துங்கள். புகைக்குழாயின் வாயையும் வலையைச் சுருட்டி அடைத்து, நன்றாகக் கண்ணில் படும்படி சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுங்கள். ஸ்டீயரிங்கிலும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், எடுக்காமல் யாரும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. பேட்டரியைக் கழற்றுவதற்கு முன், ஏசியை உட்காற்றே சுழலும் நிலையில் வைத்துவிட்டால், வெளிக்காற்று வரும் வழியின் கதவு மூடிக்கொண்டு, காருக்குள் நுழையும் முக்கியமான வழி ஒன்று அடைபடும்.

உறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாளைக்குள் நிற்கும் காருக்கு உறை வேண்டாம் என்பது என் கருத்து. தரை வரை தொங்கும் உறை, சக்கரத்தின் வழியே ஏறும் எலிக்குத் திரை கட்டிக் கொடுத்ததாகிவிடும். தூசிக்காகப் போட வேண்டுமென்றால் பழைய பருத்திச் சீலையைக் கூரையின் மீதும் கண்ணாடியின் மீதும் மட்டும் போடுங்கள். காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் நான்கு பக்கமும் இரண்டு மூன்று அடி வெற்றிடம் விடுங்கள்; எலி சுவரோரமாகவே ஓடும் பழக்கமுடையது, நடுவெளியைக் கடக்க அஞ்சும். காருக்குள் பிஸ்கட் துணுக்கு, நிலக்கடலை, தண்ணீர் பாட்டில், காகிதக் கைக்குட்டை எதுவும் இருக்கக் கூடாது. தின்பதற்கு ஆகாதது கூடு கட்டுவதற்கு ஆகும்.

பொறி வைப்பதானால் சுவரோரத்தில், இரை வைக்கும் முனை சுவரைப் பார்த்திருக்கும்படி குறுக்காக வையுங்கள். வீட்டெலி புதிய பொருளைக் கண்டால் சில நாட்கள் கிட்ட வராது. அதனால் முதல் சில நாட்கள் பொறியைப் பூட்டாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துத் தின்னவிட்டுப் பழக்கிய பிறகு பூட்டுங்கள். இதைப் பொறுமையாகச் செய்தால் ஒரே வாரத்தில் சாளையைச் சுற்றியிருக்கும் எலிகளில் பெரும்பகுதி சிக்கிவிடும். கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் மூஞ்சூறைக் கொல்லாதீர்கள். அது பூச்சி தின்னும் உயிர், ஒயரில் அதற்கு வேலையில்லை. தோட்டத்தில் கூகை இருந்தால் அதையும் விரட்டாதீர்கள். இரவெல்லாம் எலி பிடிக்கும் பறவை அது.

வெள்ளகோவில் வாசகர் எழுதியது:

எங்கள் தேங்காய்க் களத்தில் லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். ஓட்டுநர்கள் என்ஜினுக்குள் புகையிலைக் கட்டைத் தொங்கவிடுவார்கள். சிலர் பாச்சை உருண்டையைத் துணியில் கட்டி வைப்பார்கள். ஓசை எழுப்பி எலியை விரட்டும் கருவியும் இப்போது விற்கிறது. இவை எல்லாவற்றையும்விட எலி மருந்தை நான்கு மூலையிலும் வைத்துவிட்டுப் போவது எளிது என்பது என் எண்ணம். பெரியவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

கோபி வயல்காரர் எழுதியது:

ஐயா, புகையிலையை நானும் வைத்ததுண்டு. வாடை அடிக்கும்வரை கொஞ்சம் தயங்கும். வாடை போனதும் அந்த இலையையே கூட்டுக்கு இழுத்துக்கொள்ளும். யாராவது வந்து அடிக்கடி மாற்றினால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பாச்சை உருண்டையைக் காரின் உட்பகுதியில் வைக்கவே வைக்காதீர்கள். மூடிய காருக்குள் அதன் ஆவி இருக்கையிலும் ஏசிக் குழாயிலும் ஏறித் தங்கிவிடும். பாச்சை உருண்டைகள் பலவற்றில் இருக்கும் நாஃப்தலின் சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. சகோதரி திரும்பி வரும்போது கைக்குழந்தையோடு மகளும் வரக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஓசைக் கருவிகளைப் பொறுத்தவரை, 2001இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், அவற்றைத் தயாரித்து விற்கும் 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, அறிவியல் சான்று இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாதென எச்சரிக்கை அனுப்பியது. அந்த ஒலி பொருள்களைத் துளைத்துச் செல்லாது. பானட்டுக்குள் ஒளிந்திருக்கும் எலிக்கு அது எட்டுவதே அரிது, எட்டினாலும் சில நாட்களில் பழகிவிடும்.

ஆள் இல்லாத இடத்தில் எலி மருந்து வைப்பதற்கு நான் முழுக்க எதிரானவன். மருந்து தின்ற எலி அங்கேயே சாவதில்லை. இரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தானால் சாவதற்குச் சில நாட்கள் ஆகும், அந்த நாட்களில் அது ஒதுங்கும் இடம் ஏசிக் குழாயாகவோ டாஷ்போர்டின் அடியாகவோ இருந்தால், அதை எடுப்பதற்கு டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். மயங்கிக் கிடக்கும் எலியைத் தின்று பூனையும் கூகையும் சாகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதற்கு மாற்று மருந்தே கிடையாது, கல்லீரலை அழித்துவிடும். தமிழ்நாட்டில் அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறார்கள். பழைய பசைக் குழாய் ஏதாவது வீட்டு அலமாரியில் கிடந்தால் அதை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தோப்புக்குள் நிற்கும் வண்டிகளில் எலியோடு அணிலும் கூடு கட்டும், அதுவும் பகல் நேரத்தில். தென்னை நார், பஞ்சு, கிழிந்த சாக்கு நூல் இவற்றைக் கொண்டுவந்து பேட்டரியை ஒட்டியே அடைத்துவிடும். சாளைக்கு மேல் தொங்கும் மட்டைகளையும் கிளைகளையும் கழித்துவிட்டால் அது கூரைக்குத் தாவும் வழி குறையும். காப்பீட்டையும் ஒரு முறை படித்துப் பாருங்கள் அக்கா. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் எலி கடித்த செலவுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுக் காப்பீடாக இருந்தால், எலிக்கடி அதில் சேருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உடுமலை ஆசிரியை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தீவன மூட்டைகளைக் கொழுந்தனார் வீட்டுக் களத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டோம். ஓட்டத் தெரிந்தவர் யாரும் கிடைக்காததால் பேட்டரியைக் கழற்றி வைப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. தீவனத்தை எடுத்த இடத்தில் எலிப் புழுக்கைகள் நிறையக் கிடக்கின்றன. அவற்றை வழக்கம்போலக் கூட்டி அள்ளலாமா? சித்திரையில் திரும்பி வந்ததும் பேட்டரியை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கோபி வயல்காரர் எழுதியது:

சகோதரி, துடைப்பத்தால் கூட்ட வேண்டாம். காய்ந்த புழுக்கையும் சிறுநீர் பட்ட மண்ணும் தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில்தான் இருக்கிறது. ஈரத்தில் அது பல நாட்கள் உயிரோடிருந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் உடலுக்குள் போய்விடும். முதலில் கதவைத் திறந்து காற்றோட விடுங்கள். கையுறையும் முகக்கவசமும் மூடிய செருப்பும் அணிந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, கொஞ்ச நேரம் ஊறிய பிறகு துணியாலோ காகிதத்தாலோ வழித்தெடுத்துப் புதைத்துவிடுங்கள். வேலைக்கு வரும் அம்மாவிடம் இதை ஒப்படைப்பதாக இருந்தால் அவருக்கும் கையுறையும் கவசமும் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். காருக்குள் அந்த வாடை இருந்தால் ஏசியின் கேபின் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். கறை இருந்தால் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பெருந்துறை ஆட்டோ எலக்ட்ரீஷியன் எழுதியது:

அக்கா, வந்ததும் சாவியைப் போட அவசரப்படாதீர்கள். பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை நீக்கி உள்ளே பாருங்கள். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் நடுவில் நாரோ துணியோ சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை லேசாக வந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கை வரவழையுங்கள். ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க முடியாது. எலி பெரும்பாலும் கடிப்பது மேல்பக்கம், அது உட்கார இடமுள்ள என்ஜின் மூடியின் ஓரங்களிலும் பேட்டரி மேடையின் அருகிலும்தான். அந்த இடங்களை நன்றாகப் பாருங்கள். பிறகு புகைக்குழாயிலும் காற்றுக் குழாயிலும் வைத்த வலைகளை எடுத்துவிடுங்கள்.

பேட்டரியை மாட்டும் நாளுக்கு முந்தைய நாளே சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். முனைகளில் தடவிய வாசலினைத் தொடும் பரப்பிலிருந்து துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவை அடுத்து மாட்டி, அசைத்தாலும் அசையாதபடி இறுக்கிய பிறகு வெளிப்புறத்தில் மட்டும் மறுபடியும் தடவுங்கள். முனை தளர்வாக இருந்தால் அங்கே சூடேறி உப்பு சீக்கிரம் பூக்கும். சில கார்களில் நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் ஒன்று ஒட்டியிருக்கும். சிக்னலில் நின்றால் தானே அணைந்துகொள்ளும் வகை வண்டிகளில் அதைப் பார்க்கலாம். அதைப் பிடித்து இழுக்காமல், கிளாம்பை மட்டும் தளர்த்த வேண்டும்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிவிட்டுச் செல்ஃப் அடிக்காமல் சில நொடிகள் பொறுங்கள். டாஷ்போர்டில் வழக்கமான விளக்குகள் எரிந்து அணைகின்றனவா, புதிதாக ஏதாவது அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கடிகாரம் தவறான நேரம் காட்டுவதும், கண்ணாடி ஒரே அழுத்தில் மேலேறாமல் போவதும் பேட்டரி கழற்றியதால் வருபவை. கையேட்டில் சொன்னபடி சரிசெய்துகொள்ளலாம். என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஏசி விசிறியைக் குறைந்த வேகத்தில் போட்டு, உராயும் ஓசை வந்தால் உடனே அணையுங்கள், உள்ளே கூடு இருக்கிறது.

கடைசியாக மீட்டரை எடுத்து, என்ஜின் ஓடும்போதே பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்து பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருந்தால், ஓடும் என்ஜினிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாக வேலை செய்கிறது. 14.8ஐத் தாண்டிக் காட்டினால் அந்த மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பழுதாகி பேட்டரிக்கு அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிறது. அதைச் சரிசெய்யாமல் முனையை எத்தனை முறை துடைத்தாலும் சில வாரங்களில் அதே இடத்தில் உப்பு திரும்பி வரும். சென்ற ஆண்டு உங்கள் வண்டியில் பூத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்பதால், ஊருக்குப் போவதற்கு முன்பே ஒரு முறை இதை அளந்து பார்த்துவிடுங்கள்.